மருத்துவத் தேர்வு முறைகளும் மாணவர் மனநிலையும்: வரலாற்று நோக்கு (1815–2022)

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கல்வியில் வாய்மொழித் தேர்வு, படுக்கையருகுத் தேர்வு, பல்தெரிவு வினாத் தேர்வு, நிலையமுறைச் செய்முறைத் தேர்வு ஆகியவை வெவ்வேறு காலங்களில் தோன்றின. இவை ஒவ்வொன்றும் மாணவரிடம் எழுப்பிய அச்சத்தையும் நம்பிக்கையையும் பிரித்தானிய, அமெரிக்க, ஆஸ்திரேலியச் சான்றுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியச் சூழலோடு அவற்றுக்குள்ள தொடர்பையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவக் கல்வி, வாய்மொழித் தேர்வு, பல்தெரிவு வினா, நிலையமுறைத் தேர்வு, மாணவர் மனநிலை

முன்னுரை

தேர்வுகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை வகுத்த சட்டங்களின் வரலாறாகவும் நிறுவனங்களின் வரலாறாகவுமே எழுதப்படுகிறது. தேர்வு எழுதியவர்கள் அதனை எவ்வாறு உணர்ந்தார்கள் என்பது பக்கச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை அவ்வாறு விட்டுவிட இயலாது. மாணவர் எந்தத் தேர்வுக்கு அஞ்சுகிறாரோ அதற்கேற்பவே தம் நேரத்தைப் பகிர்கிறார். அந்நேரம் நோயாளியின் அருகில் கழிகிறதா, நூலகத்தில் கழிகிறதா என்பது பிற்காலத்தில் அவரிடம் வரும் நோயாளிகளைப் பாதிக்கிறது. எனவே மாணவரின் மனநிலை தேர்வு முறையின் பக்க விளைவு அன்று. அம்முறை செயல்படும் வழியே அதுதான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தேர்வாளர் முன் மாணவர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மருந்தாளர் தொழிலை ஒழுங்குபடுத்த 1815இல் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுத் தொழில்பழகலும் இலண்டன் மருந்தாளர் கழகத்தின் தேர்வும் உரிமம் பெறுவதற்குக் கட்டாயமாயின. கவிஞர் ஜான் கீட்ஸ் 1816 ஜூலை 25 அன்று இத்தேர்வில் தேறினார். தேர்வு வாய்மொழியாக நடந்தது. தேர்வாளர் கேட்கும் சில வினாக்களில் பல ஆண்டு உழைப்பின் முடிவு அடங்கியிருந்தது.

அக்காலத்து மாணவரின் அச்சத்துக்கு மையம் தேர்வாளர் என்னும் தனிமனிதரே. அவர் விரும்பும் வினா எது, அவருக்குப் பிடித்த விடை எது என்பதை அறிவது பாடத்தை அறிவதற்கு நிகரானதாயிற்று. இத்தேவையிலிருந்து இலண்டனில் தனிப்பயிற்சி ஆசிரியர்கள் உருவாயினர். ‘கிரைண்டர்’ என்று அழைக்கப்பட்ட இவர்கள் எதிர்பார்க்கத்தக்க வினாக்களையும் விடைகளையும் மாணவர் மனத்தில் திரும்பத் திரும்பப் பதியவைத்தனர். அறுவை மருத்துவம் பயின்ற ஆல்பர்ட் ஸ்மித் 1841இல் ‘பஞ்ச்’ இதழில் இலண்டன் மருத்துவ மாணவரைப் பற்றி எழுதிய அங்கதத் தொடர் இச்சூழலில் பிறந்ததே. பயிற்சி மையம் என்னும் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

படுக்கையருகே

சொல்லறிவை மட்டும் சோதிப்பதன் குறையை உணர்ந்த ஜார்ஜ் பேஜெட் 1842இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நோயாளியின் படுக்கையருகே நடத்தப்படும் தேர்வைக் கொண்டுவரச் செய்தார். இதுவே பிரித்தானியாவில் முறையாக நடந்த முதல் மருத்துவச் செய்முறைத் தேர்வாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 1915இல் நிறுவப்பட்ட தேசிய மருத்துவத் தேர்வாளர் வாரியமும் தன் தொடக்ககாலத் தேர்வுகளில் எழுத்து, ஆய்வகம், வாய்மொழி, படுக்கையருகுத் தேர்வு ஆகியவற்றைச் சேர்த்தது.

இம்முறை மருத்துவத் தொழிலுக்கு மிக நெருக்கமானது. ஆயினும் இதில் இரட்டை ஊழ் செயல்பட்டது. ஒரு மாணவருக்கு எளிய நோயாளி அமைவார். மற்றொருவருக்குச் சிக்கலான நோயாளி அமைவார். ஒருவர் கனிவான தேர்வாளரிடம் செல்வார். மற்றொருவர் கடுமையானவரிடம் செல்வார். ஒரே மாணவரை மதிப்பிட்ட இரு தேர்வாளர்களிடையே போதிய உடன்பாடு இல்லை என்பது ஜான் ஹப்பார்ட் தலைமையில் இருந்த அமெரிக்க வாரியத்தின் பகுப்பாய்விலேயே வெளிப்பட்டது. மாணவர் நெடுங்காலமாகக் கூறிவந்த குறை இவ்வாறு எண்களால் உறுதிப்பட்டது. வாரியம் 1950களில் பல்தெரிவு வினாக்களுக்கு மாறியது. 1960களில் படுக்கையருகுத் தேர்வைக் கைவிட்டது.

முகமற்ற தேர்வு

பல்தெரிவு வினாத்தாளில் தேர்வாளரின் முகம் இல்லை. அவருடைய மனநிலையோ மாணவரின் பேச்சு, உடை, பாலினம் ஆகியவையோ மதிப்பெண்ணைத் தொடுவதில்லை. இது மாணவருக்கு உண்மையான விடுதலையே. ஆனால் வினாத்தாளின் பரப்பு எல்லையற்றது என்னும் புதிய அச்சம் உடன் வந்தது.

ஹோவர்ட் பெக்கரும் உடனாய்வாளர்களும் கன்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஆய்வு செய்து 1961இல் வெளியிட்ட ‘பாய்ஸ் இன் வொயிட்’ என்னும் நூல் மாணவர் மனநிலைக்கு அரிய சான்றாகும். எல்லாவற்றையும் கற்றுவிட வேண்டும் என்ற ஆர்வத்தோடு நுழையும் மாணவர், அது இயலாதென விரைவில் உணர்கின்றனர். பின்னர் மருத்துவத்துக்கு எது தேவை என்ற வினாவை விடுத்து, ஆசிரியர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்ற வினாவுக்கு வருகின்றனர். இலட்சியம் அழியவில்லை, தேர்வுகளுக்கு அப்பால் ஒத்திவைக்கப்பட்டது என்பதே அவ்வாய்வின் முடிவு.

மணியோசையும் நிலையங்களும்

இவ்விரு முறைகளின் குறைகளையும் நீக்கும் முயற்சியாக, ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் உடன்பணியாற்றியோரும் வகுத்த நிலையமுறைத் தேர்வு 1975இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. ‘ஆஸ்கி’ என்ற பெயரால் இது அறியப்படுகிறது. மாணவர் குறித்த நேரத்துக்கு ஒரு நிலையம் என வரிசையாகச் செல்கிறார். ஒவ்வொன்றிலும் வேறொரு பணி, வேறொரு தேர்வாளர், முன்னரே வகுத்த மதிப்பீட்டுப் பட்டியல். 1960களில் ஹோவர்ட் பாரோஸ் அறிமுகப்படுத்திய பயிற்சி பெற்ற போலி நோயாளிகளும் பின்னர் இம்முறையில் இணைந்தனர்.

இத்தேர்வைப் பற்றிய மாணவர் கருத்தாய்வுகளில் இரட்டை உணர்வு மீண்டும் மீண்டும் பதிவாகிறது. இத்தேர்வு நியாயமானது, தொழிலுக்குப் பொருத்தமானது என்று கூறும் மாணவரே, இது மிகுந்த பதற்றம் தருவது என்றும் கூறுகின்றனர். இதில் முரண் இல்லை. தேர்வாளர் ஒருவரின் விருப்பு வெறுப்புக்கு ஆட்படும் அச்சம் குறைந்தது. கடிகாரத்துக்கும் பிறர் கண்முன் செயல்படுவதற்கும் அஞ்சும் நிலை அவ்விடத்தைப் பிடித்தது.

அடிலெய்டு தரும் சான்று

மனநிலைக்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பை டேவிட் நியூபிளும் கெர்ரி யேகரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு நீக்கப்பட்டு, நோயாளர் கூடத்தில் ஆசிரியர் அளிக்கும் மதிப்பீடு அதனிடத்தில் வைக்கப்பட்டது. மாணவர் கூடங்களில் மிகுந்த நேரம் செலவிடுவர் என்பதே நோக்கம். விளைவு நேர்மாறானது. கூட மதிப்பீட்டில் தோல்வியுறுவோர் அரிது என்பதை மாணவர் கண்டுகொண்டனர். அச்சம் முழுவதும் பல்தெரிவு வினாத்தாளின் மேல் குவிந்தது. அவர்கள் நூல்களை நோக்கித் திரும்பினர். புதிய செய்முறைத் தேர்வு கொண்டுவரப்பட்ட பின்னரே நோயாளர் கூடங்களுக்கு மீண்டனர். பாடத்திட்டம் கூறிய முதன்மையைவிட, தேர்வு தந்த அச்சமே அவர்களை வழிநடத்தியது.

மதிப்பெண்ணைத் துறத்தல்

அமெரிக்க உரிமத் தேர்வின் முதற்படி மதிப்பெண், தகுதியை உறுதிசெய்யும் எல்லையைக் கடந்து மேற்பயிற்சி இடங்களுக்கான வடிகட்டியாக மாறியது. மாணவரின் மனநலம் குறித்த கவலையும் வலுத்தது. 2022 ஜனவரி முதல் அத்தேர்வு தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் அறிவிக்கப்படுகிறது. இரண்டாம் படியின் அறிவுத்தேர்வு எண்மதிப்பெண்ணைத் தொடர்ந்து வழங்குவதால் போட்டியும் கவலையும் அங்கே பெயர்ந்தன. 2004இல் தொடங்கிய செய்முறைப் பகுதிக்கு எதிராக, அதன் கட்டணத்தையும் பயணச் செலவையும் சுட்டி 2016இல் மாணவர் இயக்கம் எழுந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்ட அப்பகுதி 2021இல் முற்றாகக் கைவிடப்பட்டது.

இந்தியச் சூழல்

சென்னையில் 1835இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளி உள்ளிட்ட இந்திய நிறுவனங்கள் பிரித்தானியத் தேர்வு மரபிலேயே வளர்ந்தன. ‘லாங் கேஸ்’, ‘ஷார்ட் கேஸ்’, ‘வைவா’ ஆகியவை இன்றும் மாணவர் வழக்கில் உள்ள சொற்கள். அதே மாணவரின் மேற்படிப்பு வாய்ப்பைப் பல்தெரிவு வினாவாலான நுழைவுத் தேர்வு முடிவுசெய்கிறது. இதனால் நோயாளிகளிடையே கழிய வேண்டிய பயிற்சி மருத்துவர் ஆண்டு, வினா வங்கிகளோடு பகிரப்படுகிறது. இறுதியாண்டுத் தேர்வு, உரிமம், மேற்படிப்பு நுழைவு ஆகியவற்றை இணைக்கும் தேசியத் தகுதித் தேர்வு 2019ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெற்றது. 2023இல் அது ஒத்திவைக்கப்பட்டது. மூன்று பயன்களை ஒரே தேர்வில் குவிப்பது மூன்று அச்சங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதாகும். அத்தேர்வின் எண்மதிப்பெண் எப்பகுதியிலிருந்து பெறப்படுகிறதோ, அப்பகுதியை நோக்கியே மாணவரின் நேரம் சாயும் என்பதை அடிலெய்டு அனுபவம் முன்னுணர்த்துகிறது.

முடிவுரை

இருநூறு ஆண்டுகளில் தேர்வு முறைகள் நியாயத்தை நோக்கி நகர்ந்துள்ளன என்பதில் ஐயமில்லை. தனிமனிதரின் மனப்போக்குக்கு ஆட்பட்ட மாணவர் இன்று வகுக்கப்பட்ட அளவுகோல்களால் மதிப்பிடப்படுகிறார். எனினும் அச்சம் மறையவில்லை. தேர்வாளரிடமிருந்து வினாத்தாளுக்கும், கடிகாரத்துக்கும், தரவரிசைக்கும் இடம்பெயர்ந்தது. அச்சமற்ற தேர்வைத் தேடுவதைவிட, மாணவர் எதற்கு அஞ்சுகிறார், அந்த அச்சம் அவரை நோயாளியிடம் அனுப்புகிறதா, நோயாளியிடமிருந்து விலக்குகிறதா என்று கேட்பதே தேர்வுச் சீர்திருத்தத்தின் முதல் வினாவாக அமைதல் வேண்டும்.