ஒரே கூரையின்கீழ்

விசாரணையற்ற காவல் என்றதும் 1975ஆம் ஆண்டின் நெருக்கடிநிலையே நினைவுக்கு வருகிறது. ஆனால் அதன் வேர் குடியரசின் முதல் மாதத்திலேயே ஊன்றப்பட்டது.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 சனவரி 26. தில்லியில் உள்துறை அமைச்சர் வல்லபாய் பட்டேல் முன்மொழிந்த தடுப்புக் காவல் சட்டம், அடுத்த மாதமே நிறைவேறியது. ஓராண்டுக்கென இயற்றப்பட்ட அது, நீட்டிப்புகளால் 1969 இறுதிவரை நிலைத்தது.

1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணத்தில் சிறைப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன்மீது, மார்ச் 1 அன்று இச்சட்டத்தின்கீழ்ப் புதிய ஆணை பிறப்பிக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அந்நீதிமன்றம் அப்போது நாடாளுமன்றக் கட்டடத்தில், சமஸ்தான மன்னர்களின் மன்றமாயிருந்த கூடத்தில் அமர்ந்தது. சட்டம் பிறந்த கூரையின்கீழேயே அது உரசிப் பார்க்கப்பட்டது.

மே 19 அன்று பெரும்பான்மை நீதிபதிகள் மனுவைத் தள்ளினர். நாடாளுமன்றம் வகுத்த நடைமுறையே போதும். அது நியாயமானதா என்று 21ஆம் உறுப்பின்கீழ் வினவ இயலாது என்றனர். காவலின் காரணங்களை நீதிமன்றத்திடமிருந்தும் மறைத்த 14ஆம் பிரிவு மட்டுமே வீழ்ந்தது. அறிவிப்பும், தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும், நடுநிலைத் தீர்ப்பாயமும் நடைமுறையின் உயிர்நாடி என்று மாறுபட்டார் நீதிபதி பசல் அலி.

1976இல் நெருக்கடிநிலைக் காவல்களை உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, எச். ஆர். கன்னா மட்டுமே மறுத்தார். மேனகா காந்தி வழக்கில் 1978இல், நடைமுறை நியாயமாயிருத்தல் வேண்டும் என்பது சட்டமாயிற்று. எனினும் தடுப்புக் காவலை அனுமதிக்கும் 22ஆம் உறுப்பு நீடித்தது. 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நெருக்கடிநிலை நீங்கிற்று; விதிவிலக்கு விதியாகவே தங்கிற்று.