உண்டியலும் சாவியும்

திண்டுக்கல் என்றதும் எனக்கு மலைக்கோட்டையைவிடப் பூட்டுத்தான் முதலில் நினைவுக்கு வரும். மழை பொய்க்கும் அந்தச் சீமையில் உழவை மட்டும் நம்பியிருக்க முடியாத ஜனங்கள் இரும்பை நம்பினார்கள். கையாலேயே அறுத்து, அராவி, லீவர் கோத்துச் செய்த பூட்டுகள் வீட்டுக் கதவிலும் கோயில் உண்டியலிலும் தொங்கின. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்த உண்டியலைச் சற்றுக் கவனியுங்கள். காசு போடுவதற்குச் சாவி வேண்டாம், எடுப்பதற்குத்தான் வேண்டும். ரகசியச் செய்திகளின் சரித்திரத்தில் இந்த எளிய யுக்தி வெகுகாலம் கைகூடவில்லை. பூட்டிய சாவியேதான் திறக்கவும் வேண்டும். ஆகவே அதை முன்கூட்டியே ரகசியமாகக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. 1976-ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர், ஊருக்கு ஒரு சாவி, உடையவனுக்கு ஒரு சாவி என்று பிரிக்கலாம் என எழுதினார்கள்.

2009 ஜனவரியில், சாதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயருக்குள் மறைந்திருந்தவர் தொடங்கிய பிட்காயின், இந்த யுக்தியின் மேல்தான் நிற்கிறது. 78 இலக்கம்வரை நீளக்கூடிய ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கவேண்டும். அதுதான் அந்தரங்கச் சாவி. அதிலிருந்து கணிதத்தால் பொதுச்சாவி பிறக்கிறது. அதையும் இரண்டு முறை அரைத்துச் சுருக்கினால் கிடைப்பது முகவரி, அதாவது உண்டியலின் வாய். மாவை மறுபடி அரிசியாக்க முடியுமா? அதுபோல முகவரியிலிருந்து சாவிக்குத் திரும்ப வழியில்லை. பழைய வகை முகவரிகளில் பூஜ்யமும் கிடையாது, ஆங்கிலப் பெரிய 'ஓ'வும் கிடையாது. பார்த்து எழுதுகிறவன் குழம்பக் கூடாதல்லவா? எழுத்துப் பிழையைக் காட்டிக்கொடுக்க வாலில் ஒரு சரிபார்ப்புத் துண்டும் உண்டு. பணத்தை எடுக்கும்போது சாவியை யாருக்கும் காட்டுவதில்லை. அதைக்கொண்டு ஒரு கையெழுத்து இடுகிறார்கள். ஊரார் பொதுச்சாவியால் அதைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

ஒரு சமயம் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு, பூட்டு ஆசாரி ஒருவரிடம் போய் நின்றேன்.

"எந்தத் தெரு வீடுங்க? யார் வீடு?" என்று கேட்டார். கூடவே வந்து, அண்டை வீட்டாரை விசாரித்த பிறகுதான் அரத்தைக் கையில் எடுத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிட்காயினில் அப்படிக் கேட்க ஆளில்லை. சாவி திருடன் கைக்குப் போனால் அவனே உடையவன். தொலைந்துபோனாலோ, காசு கணக்கில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும்; எடுக்கத்தான் முடியாது. மனிதர்களை நம்பத் தேவையில்லை என்பதை அதன் பெருமையாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அன்று அந்த ஆசாரி கேட்ட இரண்டு கேள்விகளின் அருமை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.