யூ.வி. பிளாட்பெட் அச்சு

சமதள மேசைமீது கிடத்திய பொருளின்மேல் மைத்துளிகளைத் தெளித்து, அடுத்த நொடியே புற ஊதாக் கதிரால் இறுகச் செய்யும் டிஜிட்டல் அச்சுமுறை யூ.வி. பிளாட்பெட் எனப்படும். கண்ணாடி, மரப்பலகை, தரை ஓடு, அக்ரிலிக், அலுமினியத் தகடு, ஃபோம் ஷீட் என உருளையில் சுற்ற முடியாத பொருள்களில் நேரடியாக அச்சிட இது வழி செய்தது. அதற்கு முன், வினைலில் அச்சடித்துப் பலகையில் ஒட்ட வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை கட்டி ஸ்கிரீன் பிரிண்டிங் செய்ய வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 2000-இல் தொடங்கப்பட்ட இன்கா டிஜிட்டல் நிறுவனத்தின் ஈகிள் 44, இவ்வகையின் முன்னோடி இயந்திரங்களில் ஒன்று.

இம்முறையின் உயிர் மையில் இருக்கிறது. சாதாரண மை இரண்டு வகையில் காயும்: தாள் அதை உறிஞ்சும், அல்லது அதிலுள்ள நீரோ கரைப்பானோ ஆவியாகும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. யூ.வி. மையோ காய்வதே இல்லை, வேதிவினையால் திடமாகிறது. மோனோமர், ஒலிகோமர் என்னும் சிறு மூலக்கூறுகள், நிறமி, ஒளித்தொடக்கி ஆகியவை கலந்த திரவம் அது. கதிர் பட்டதும் ஒளித்தொடக்கி உடைந்து, வினைத்திறன் மிக்க தனி உறுப்புகளாகிறது. அவை மோனோமரின் இரட்டைப் பிணைப்பைத் திறக்க, அது அடுத்ததைப் பற்ற, சங்கிலி நீண்டு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு பிளாஸ்டிக் படலமாகிவிடும். பல் மருத்துவர் குழியை அடைத்து நீல ஒளி காட்டும்போது நடப்பதும் இதே குடும்பத்து வினைதான். தெளித்த மை அநேகமாக முழுவதும் மேற்பரப்பிலேயே தங்குவதால், படலத்தின்மேல் படலமாக ஏற்றி, விரலுக்குத் தட்டுப்படும் மேடான எழுத்துகளையும் பிரெய்ல் புள்ளிகளையும் அச்சிடலாம்.

வினைக்கு எதிரி காற்றிலுள்ள ஆக்சிஜன். அது தனி உறுப்புகளைப் பிடித்துச் செயலற்றவையாக்குவதால், உள்ளே இறுகிய மை மேலே பிசுபிசுக்கலாம். மாறாக, அடர்ந்த கறுப்பு கதிரை விழுங்கிவிட்டால் மேலே இறுகி அடியில் ஈரமாக நிற்கும். அப்படிப்பட்ட படலம் பின்னாளில் உரிந்து வரும். விளக்கைக் கூட்டினால் தீருமா என்றால், அளவுக்கு மீறி இறுகிய மை வளைக்கும்போது வெடிக்கிறது.

துளியைப் பிறப்பிப்பது ஹெட். மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பீசோ பீங்கான், நுண்ணிய மை அறையை நெருக்கி நாசில் வழியே துளியை வெளியேற்றும். பியேர், ஜாக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்த பீசோ மின்விளைவின் மறுதலை இது. துளியின் அளவு சில பிகோலிட்டர் முதல் சில பத்து பிகோலிட்டர் வரை. ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மை கெட்டியானதால், நீர்த்து ஓட ஹெட்டைச் சூடாக்கி வைப்பார்கள். மேசையின் துளைகள் வழியே வெற்றிட பம்பு பொருளை இழுத்துப் பிடித்திருக்க, ஹெட்டுகளைத் தாங்கிய கேரேஜ் ஓரிரு மில்லிமீட்டர் உயரத்தில் போய்வரும். ஒரே இடத்தைப் பல பாஸ்களில் நிரப்புவது, அடைபட்ட நாசிலால் விழும் கோட்டை மறைக்கவும் உதவும். அக்ரிலிக்கின் காப்புத்தாளை உரித்தவுடன் அச்சிட்டால் நிலைமின்னூட்டம் துளிகளைத் திசைதிருப்பிப் புகைபோலச் சிதறடிக்கும். அதனால் பல இயந்திரங்களில் அம்மின்னூட்டத்தை நீக்கும் அயனிப் பட்டை உண்டு.

கேரேஜின் பக்கவாட்டிலேயே விளக்கும் பயணிக்கிறது. தொடக்க கால இயந்திரங்களில் பாதரச ஆவி விளக்கு இருந்தது. அது சூடேற நிமிடங்கள் பிடிக்கும், ஓசோனை உண்டாக்கும், மெல்லிய பிளாஸ்டிக்கை வெப்பத்தால் வளைத்துவிடும். இப்போது பெரும்பாலும் 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான எல்.இ.டி.தான். பொத்தானை அழுத்தியதும் எரியும், வெப்பம் குறைவு. ஆனால் அதன் கதிர்வீச்சுப் பட்டை குறுகியது என்பதால் அதற்கென்றே வடிவமைத்த மை வேண்டும்.

நான்கு அடிப்படை நிறங்களோடு வெள்ளையும் சேர்ந்ததுதான் இம்முறையின் தனிச்சிறப்பு எனலாம். கறுப்புத் தகட்டிலும் கண்ணாடியிலும் வெள்ளை அடித்தளம் இல்லாமல் நிறம் எடுபடாது. வெள்ளை நிறமியான டைட்டானியம் டை-ஆக்சைடு கனமானது, அடியில் படியும். எனவே அம்மையைக் கலக்கிக்கொண்டும் சுழற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். சில நாள் சும்மா விட்டால் முதலில் அடைபடுவது வெள்ளை நாசில்தான்.

விற்பனைத் தாள்கள் டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) எண்ணைப் பெரிதுபடுத்துகின்றன, ஆனால் வேலை நிற்பதும் விழுவதும் ஒட்டுதலில். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் பிரைமர் தடவ வேண்டியிருக்கும். பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் பரப்புகளைத் தீச்சுடரோ கொரோனா மின்னிறக்கமோ கொண்டு பதப்படுத்த வேண்டும். கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பார்ப்பதே வழக்கமான சோதனை.

இறுகாத மையின் அக்ரிலேட்டுகள் தோலில் ஒவ்வாமை உண்டாக்குபவை. ஒருமுறை வந்தால் ஆயுள் முழுதும் தொடரலாம். நைட்ரைல் கையுறை கட்டாயம், விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கலாகாது. இறுகிய பின்னும் எஞ்சிய ஒளித்தொடக்கி இடம்பெயரக்கூடும். வேறொரு அச்சுமுறையில் யூ.வி. மை பயன்பட்ட அட்டைப்பெட்டிகளிலிருந்து ஐ.டி.எக்ஸ். என்ற ஒளித்தொடக்கி குழந்தைப் பாலில் கலந்தது தெரிந்து, 2005-இல் இத்தாலியில் லட்சக்கணக்கான லிட்டர் பால் பறிமுதல் செய்யப்பட்டது. பிளாட்பெட்டில் தட்டிலோ கோப்பையிலோ அச்சிடுவோர் உணவும் உதடும் படும் பகுதியை விட்டுவிடுவது இதனால்தான்.