ஒரு திட்டம், மூன்று முதலைகள்



அழிந்துவரும் உயிரினம் ஒன்றைக் காக்க அரசாங்கம் என்ன செய்யலாம்? சட்டம் இயற்றலாம், பணம் ஒதுக்கலாம், காவலர்களை நியமிக்கலாம். இவை போதுமா? இவ்வினாவுக்கு விடை கூறும் வரலாறு ஒன்று நம் நாட்டில் உண்டு. புலியையும் யானையையும் பற்றிப் பலரும் பேசுவர். எவரும் அன்பு பாராட்டாத முதலையின் வரலாற்றை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இந்தியாவில் வாழும் முதலைகள் மூவகை. முதலாவது நன்னீர் முதலை. ஆறு, குளம், ஏரி, அணை என எங்கும் இது வாழும். நம் அமராவதி அணையில் காணப்படுவது இதுவே. இரண்டாவது உவர்நீர் முதலை. கழிமுகங்களும் அலையாத்திக் காடுகளும் இதன் உறைவிடம். மூன்றாவது சொம்புமூக்கு முதலை. வளர்ந்த ஆணின் நீண்ட மூக்கு நுனியில் சொம்பைக் கவிழ்த்தாற்போன்ற புடைப்பு ஒன்று உண்டு. வடநாட்டார் குடத்தைக் குறிக்கும் தம் சொல்லைக் கொண்டே இதற்குக் 'கரியால்' என்று பெயரிட்டனர். மீனே இதன் முதன்மை உணவு. ஒரு காலத்தில் சிந்து நதி முதல் ஐராவதி வரை இது பரவியிருந்தது.

இம்மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அழிவின் விளிம்பை அடைந்தன. காலணிக்கும் கைப்பைக்கும் வேண்டிய தோலுக்காக வேட்டைக்காரர் இவற்றைக் கொன்று குவித்தனர். முட்டைகள் களவு போயின. மீன்வலைகளில் சிக்கி மாண்டவையும் பல. 1970-களின் நடுவில் உலகெங்கும் எஞ்சிய சொம்புமூக்கு முதலைகள் ஏறத்தாழ 200 என்று மதிப்பிட்டனர்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1975-ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநரான டாக்டர் எச். ஆர். பஸ்டர்ட் வழிகாட்டினார். முறை எளியது. ஆற்றங்கரை மணலிலிருந்து முட்டைகளைத் திரட்டிப் பாதுகாப்பான இடத்தில் பொரிக்கச் செய்வர். குஞ்சுகளைச் சில ஆண்டுகள் தொட்டிகளில் வளர்ப்பர்; ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்தபின் ஆற்றில் விடுவர். இயற்கையில் வெள்ளமும் நரியும் பறவைகளும் குஞ்சுகளுள் மிகப் பலவற்றை அழித்துவிடும். அந்த இளமைக் கண்டத்தைக் கடக்க மனிதன் கைகொடுத்தான். ஒடிசாவின் திகர்பாடா, லக்னோவின் குக்ரைல் முதலிய இடங்களில் வளர்ப்பு நிலையங்கள் எழுந்தன. 1976-இல் சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் வழியில், முதலைப் பண்ணை ஒன்றும் தோன்றியது.

சட்டமும் திட்டமும் மூன்றுக்கும் பொது. விளைவு மட்டும் ஏன் மூன்று விதமாயிற்று? இங்கேதான் நம் பாடம் இருக்கிறது.

நன்னீர் முதலை பண்ணைகளில் விரைவாகப் பெருகியது. நாளடைவில், வளர்ந்தவற்றை விடுவதற்கு இடம் போதாத நிலையே உண்டாயிற்று. உவர்நீர் முதலையின் கதையும் மகிழ்ச்சி தருவது. ஒடிசாவின் பிதர்கணிகா 1975-இல் சரணாலயமாயிற்று. அங்கே தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாக இருந்த முதலைகள் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,800-ஐக் கடந்தன. அங்கே அலையாத்திக் காடு அழியாமல் இருந்தது. விடப்பட்ட குட்டிக்குச் சென்று சேர ஒரு வீடு இருந்தது என்று நான் கூறுவேன்.

சொம்புமூக்கு முதலையோ வேறு விதி கண்டது. மகாநதியில் நூற்றுக்கணக்கில் குட்டிகளை விட்டனர். பிழைத்தவை மிகச் சிலவே. ஹிராகுட் அணை 1957-லேயே எழுந்துவிட்டது, ஆற்றின் போக்கு மாறியிருந்தது, வலைகளும் நீங்கவில்லை. நன்னீர் முதலைக்கு ஒரு குளம் வற்றினால் நிலத்தில் நடந்து மற்றொரு குளம் சேரும். வளர்ந்த சொம்புமூக்கு முதலையால் தன் உடலைத் தூக்கி நிலத்தில் நடக்க இயலாது. ஆழமான ஓடுநீரும் முட்டையிட உயர்ந்த மணல்மேடும் அதற்கு வேண்டும். இவ்விரண்டும் இல்லாத ஆற்றில் ஆயிரம் குட்டிகளை விட்டாலும் பயன் என்ன?

இராசஸ்தானம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களைத் தொட்டு ஓடும் சம்பல் ஆறு ஒன்றே இதற்குப் பெரும் புகலிடமாக எஞ்சியது. 1970-களின் இறுதியில் அதுவும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை உயர்ந்தது, வெற்றி கிட்டியது என்று எண்ணி ஊக்கம் தளர்ந்தது. 1997-இல் 436 என மதிப்பிடப்பட்ட வளர்ந்த முதலைகள் 2006-இல் 182 ஆகச் சுருங்கின. 2007-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் நூறுக்கு மேற்பட்டவை சிறுநீரகம் பழுதுற்றுச் சம்பல் ஆற்றில் மடிந்தன. நீரில் கலந்த நச்சே காரணமாகலாம் என ஆய்வாளர் ஐயுற்றனர். சட்டப் புத்தகத்தில் முதலைக்கு முழுப் பாதுகாப்பு இருந்தது. ஆற்று நீருக்கோ அத்தகைய பாதுகாப்பு இல்லை!

அதன்பின் மீண்டும் முயற்சி வலுப்பெற்றது. அண்மைக் கணக்கெடுப்புகளில் சம்பல் ஆற்றில் குட்டிகளும் பெரியவையுமாக 2,000-க்கு மேற்பட்டவை காணப்பட்டன. 2021-இல் மகாநதியிலும், பல பத்தாண்டுகளுக்குப் பின், இயற்கையாகக் குஞ்சுகள் பொரித்தன.

இவ்வெற்றியின் விலையையும் நாம் மறைத்தல் ஆகாது. சரணாலயம் அமையும்போது, அங்கே தலைமுறை தலைமுறையாக வலைவீசிய குடும்பங்கள் தொழிலை இழக்கின்றன. பிதர்கணிகாவைச் சுற்றிய ஊர்களில் முதலையால் உயிரிழந்தோரும் உண்டு. அதனால் குளிக்கும் துறைகளுக்கு அரசினர் வேலியிட நேர்ந்தது. கரையில் வாழும் மனிதனை மறந்த திட்டம், கரையில் நெடுநாள் நிலைக்காது என்பது என் துணிபு.

முதலைக்கு வலிமை நீரிலே என்பதை நம் நாட்டில் சிறு பிள்ளையும் அறியும். அரசாங்கத் திட்டத்தின் வலிமையும் அந்த நீரிலேதான் இருக்கிறது. இத்தனை குட்டிகள் ஆற்றில் விடப்பட்டன என்னும் செய்தியை நாளை நீங்கள் படிக்கலாம். அப்போது இரண்டு வினாக்களைக் கேட்கத் தவறாதீர்கள்: அந்த ஆறு நலமாக இருக்கிறதா? அதன் கரையில் வாழ்வோர் நலமாக இருக்கின்றனரா? இவ்விரண்டுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்குமானால், விடப்பட்ட குட்டி பிழைக்கும்.