பட்டான் கல்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் பல பலகைக்கற்களை ஊரார் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏறிய உருவத்தின் கையில் வாளோ வில்லோ இருக்கும். காலருகே சிமிழும் கெண்டியும் செதுக்கப்பட்டிருப்பதுண்டு. தலைக்கு மேலே சில வரிகள். அவை ஒரு சாவுச் செய்தி.

வாசகம் கச்சிதமானது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊரின் தொறுவை யார் கவர்ந்தார், அந்த மாட்டு மந்தையை மீட்டு யார் 'பட்டான்'. அவ்வளவுதான். புகழுரைக்கு இடமில்லை; பெயரும் ஊரும் மட்டும் விடுபடாது.

தமிழில் நடுகல் எனப்படும் இதையே எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் வீரகல் என்கிறார்கள். ஓசூர்ச் சாலைக்கு மேற்கே பேகூரில் 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கல் ஒன்று, பெங்களூர்ச் சண்டையில் நாகத்தரன் என்பவனைச் சேர்ந்த புட்டண செட்டி இறந்ததைச் சொல்கிறது. பெங்களூர் என்ற பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது. ஒரு மாநகரமே தன் பெயருக்கு ஓர் இரங்கல் குறிப்பைச் சாட்சியாக வைத்திருக்கிறது.

செய்தியைக் காப்பதற்கும் அன்றே வழி வைத்திருந்தார்கள். வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு விட்ட நிலம் தமிழில் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி, கன்னடத்தில் கல்நாடு. கொடை பொறித்த கல்வெட்டுகளின் கடைசியில் பெரும்பாலும் ஒரு காப்புரை வரும்: இதை அழித்தவன் கங்கைக் கரையில் குரால் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான், காத்தவன் பாதம் என் தலை மேல். மிரட்டலும் வணக்கமும் ஒரே மூச்சில்.

இன்று சாவுச் செய்தி கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியாகவும் வாட்ஸ்அப் படமாகவும் போகிறது. இணையத்தில் ஏறியதை யாரும் உருவலாம். கனடாவில் ஆஃப்டர்லைஃப் என்ற நிறுவனம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இரங்கல் குறிப்புகளைத் தன் தளத்தில் குவித்தது. குடும்பங்கள் எழுதியவற்றைக் கேட்காமலே எடுத்துப் போட்டு, பக்கத்திலேயே பூவும் மெய்நிகர் மெழுகுவத்தியும் விற்றது. அப்பாவின் சாவில் நாமே காசு பார்ப்பதாக உறவினர் நினைப்பார்களே என்று பிள்ளைகள் கூசிப்போனார்கள். பதிப்புரிமையை மீறியதற்காக 2019இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2 கோடி கனடிய டாலர் இழப்பீடு விதித்தது. காப்புரையின் வேலையைச் சட்டம் செய்தது, காலம் கடந்தாவது.

படியெடுப்பதே குற்றமாகிவிடாது. நடுகற்கள் பிழைத்ததே படியால்தான். இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல்தான் இந்த வட்டாரத்துக் கற்களின் பக்கம் பலரைத் திருப்பியது. பெங்களூரின் மிதிக் சொசைட்டி இப்போது கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் வருடிச் சேமிக்கிறது.

மைப்படி எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நனைந்த தாளைப் படியவைத்து, எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்வரை தூரிகையால் தட்டுவார்கள். பிறகு மைப்பொதியால் ஒற்ற ஒற்றத் தாள் கறுக்கும், பட்டவனின் பெயர் வெள்ளையாக எழும். காய்ந்ததும் உரித்தெடுத்து, மடிப்பதற்கு முன்பே ஓரத்தில் குறித்துவிடுவார்கள்: எந்த ஊர், யார் நிலத்தில், எந்த மரத்தடியில்.