சீட்டிலிருந்து தேடல்பொறி வரை: புணே நகரின் சொல்லடைவுகள்

ஒரு நூல் அழியாமல் இருப்பது ஒன்று. தேடுபவருக்கு அது அகப்படுவது வேறொன்று. நூலகங்களின் எண்மப் பாதுகாப்புத் திட்டங்கள் பெரும்பாலும் முதலாவதையே இலக்காகக் கொள்கின்றன. இரண்டாவதற்கு எவ்வளவு உழைப்பு தேவை என்பதைப் புணே நகரின் இரு ஆய்வு நிறுவனங்களின் வரலாறு காட்டுகிறது.

1917-இல் நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம், 1919-இல் மகாபாரதச் செம்பதிப்புப் பணியைத் தொடங்கியது. 1,259 சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கிய அப்பணி 1966-இல் நிறைவுற்றது. பதிப்பாசிரியர் குழு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. பி. எல். வைத்யாவின் பொறுப்பில் 1967 முதல் 1972 வரை ஆறு தொகுதிகளாகச் செய்யுளடிகளின் அகரவரிசை அடைவு வெளிவந்தது. உ.வே.சாமிநாதையர் பதிப்புகளின் இறுதியிலுள்ள செய்யுள் முதற்குறிப்பகராதியைப் பயன்படுத்தியவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். எங்கோ ஓர் உரையில் மேற்கோளாக வரும் ஓரடி, காவியத்தின் எப்பருவத்தில் எவ்விடத்தில் உள்ளது என்பதை இவ்வடைவு சில நிமிடங்களில் காட்டிவிடும். 1990-களில் கியோத்தோவின் முனேயோ தொக்குனாகா இப்பதிப்பின் மூலபாடம் முழுவதையும் கணினியில் ஏற்றினார். கேம்பிரிட்ஜின் ஜான் ஸ்மித் அதனைத் திருத்திப் பின்னர் யூனிகோடிலும் வெளியிட்டார். ஆறு தொகுதிகள் செய்த வேலையை இன்று ஒரு தேடற்கட்டம் செய்கிறது.

மற்றொரு நிறுவனம் டெக்கான் கல்லூரி. நகரின் தென்கிழக்கே வானவடியிலிருந்து முளா-முட்டா ஆற்றைக் கடந்து வடக்கே சென்றால் எரவாடாவில் அதன் வளாகம் உள்ளது. 1948-இல் மொழியியலாளர் எஸ். எம். காத்ரே அங்கு வரலாற்று முறையிலான சமஸ்கிருதப் பேரகராதித் திட்டத்தைத் தொடங்கினார். இருக்கு வேதம் முதல் 19-ஆம் நூற்றாண்டு வரையிலான ஏறத்தாழ 1,500 நூல்களிலிருந்து சொற்கள் எடுக்கப்பெற்றன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு சொல், அது வரும் தொடர், நூற்பெயர், இடக்குறிப்பு. கால் நூற்றாண்டு உழைப்பில் ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகள் சேர்ந்தன. அகராதியின் முதற்பகுதி 1976-இல் வெளிவந்தது. அதன்பின் வந்த முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளும் அகரத்தில் தொடங்கும் சொற்களுக்குள்ளேயே நிற்கின்றன. எனவே எஞ்சிய எழுத்துகளைப் பொறுத்தவரை, இழுப்பறைகளிலுள்ள அச்சீட்டுகளே இன்றைய அகராதி.

சீட்டு தொலைந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே சான்று. 1888-இல் வெளிவந்த அதன் முதல் தொகுதியில் அடிமைப்பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்னும் சொல் இடம்பெறவில்லை. அதற்குரிய சீட்டுகள் தவறிப்போயிருந்தன. விவிலிய மொழிபெயர்ப்பிலேயே உள்ள அச்சொல் 1933-ஆம் ஆண்டின் பிற்சேர்க்கையில்தான் அகராதிக்குள் நுழைந்தது. மூலநூல்கள் எல்லாம் நூலகங்களில் பத்திரமாகவே இருந்தன. தொலைந்தது சொல்லுக்கும் நூலுக்கும் இடையிலான இணைப்பு மட்டுமே.

இன்றைய நூலக மென்பொருள்கள் இக்கருத்தை வேறுவிதமாக அணுகுகின்றன. ஆர்க்கிவ்மேட்டிக்கா போன்ற பாதுகாப்பு மென்பொருள், கோப்பு, அதன் மீத்தரவு, கோப்பு மாறவில்லை என்பதற்கான சரிபார்ப்பு எண் ஆகியவற்றை ஒரே பொதியாகக் கட்டிச் சேமிக்கிறது. தேடல் அடைவு அப்பொதிக்கு வெளியே, எலாஸ்டிக்சர்ச் என்னும் தனிப்பொறியில் உள்ளது. ஷோத்கங்கா ஆய்வேட்டுக் களஞ்சியத்தின் அடித்தளமான டிஸ்பேஸ் மென்பொருளும் சோலார் என்னும் தேடல்பொறியைத் தனியே வைத்துக்கொள்கிறது. அடைவு பழுதுற்றால் அழித்துவிட்டு, சேமித்த கோப்புகளிலிருந்து மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம் என்பதே இவ்வமைப்பின் அடிப்படை. பொறியியல் நோக்கில் இது முறையானதே. காத்ரேயின் சீட்டுகளை அவ்வாறு மீண்டும் உருவாக்க இன்னொரு கால் நூற்றாண்டு வேண்டும்; எந்திரத்திற்குச் சில மணி நேரம் போதும்.

எனினும் இரண்டும் ஒரே தரத்தன அல்ல. சீட்டெழுதிய அறிஞர் சந்தியைப் பிரித்து, சொல்லின் அடிவடிவத்தைக் கண்டு, அதன்பின் அகரவரிசையில் இட்டார். தேடல்பொறி, தனக்கென விதிகள் தரப்படாவிடில், இடைவெளிக்கும் இடைவெளிக்கும் நடுவிலுள்ளதைச் சொல்லாகக் கொள்கிறது. ‘பொன்’ எனத் தேடுபவருக்குப் ‘பொற்குடம்’ கிட்டாது; ‘மரம்’ எனத் தேடுபவருக்கு ‘மரக்கிளை’ கிட்டாது. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோடில் இரு விதமாகக் குறியேற்றலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அவ்விரண்டும், முன்கூட்டியே ஒருமைப்படுத்தப்படாவிடில், பொறிக்கு வெவ்வேறானவை. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தமிழ் ஆய்வேடுகளின் நிலை இன்னும் மோசம்: திரையில் தமிழாகத் தெரியும் பக்கத்திலிருந்து பொருளற்ற உரோமன் எழுத்துகளே அடைவுக்குச் செல்கின்றன. அவ்வாய்வேடு சரிபார்ப்பு எண் மாறாமல் நூறாண்டு இருக்கலாம்; அதன் உள்ளடக்கத்தைத் தேடி வருபவருக்கு அது இல்லாத நூலே.

2004 சனவரி 5-ஆம் நாள் ஒரு கும்பல் பண்டார்கர் நிறுவனத்தினுள் புகுந்து நூல்களையும் சுவடிகளையும் சிதைத்தது. அத்தகைய அழிவுக்கு எதிரான காப்பு என்னும் வகையில் படமாக்கமும் பல இடங்களில் படிகளை வைத்தலும் இன்றியமையாதவை. ஆயினும் ஒரு கோடிச் சீட்டுகளின் படங்கள், எந்தப் படத்தில் எந்தச் சொல் உள்ளது என்னும் குறிப்பு இல்லாவிடில், பூட்டிய இழுப்பறைகளுக்கு ஒப்பானவையே.

ஆகவே தமிழ்த் தொகுப்புகளைப் பாதுகாக்கும் நூலகங்கள் பொதிக்குள் மூன்றை இட வேண்டும்: எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய பனுவல், சொற்பிரிப்புக்கும் எழுத்து ஒருமைப்பாட்டிற்கும் கையாண்ட விதிகள், தலைச்சொற்களைத் தீர்மானித்த முறை. அடைவை அழிக்கலாம், மீண்டும் கட்டலாம். அதைக் கட்டிய விதிகள் பதிவின்றிப் போனால், மீண்டும் கட்டப்படுவது வேறோர் அடைவாகவே இருக்கும். முன்னது காட்டிய நூல்களுள் எவை அதில் விடுபட்டன என்பதை அறியவும் வழியிராது.