கதிர்காமப் பாதையும் கால்களின் பயிற்சியும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியிலே, கிழக்கே கடலும் மேற்கே களப்பும் காடுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலப்பரப்பு வாகரை. அதன் வடபால் மகாவலி கங்கையின் கிளையாகிய வெருகலாறு கடலோடு கலக்கின்றது. தென்பால் பனிச்சங்கேணியில் களப்புநீர் கடலைத் தொடுகின்றது. பாலங்கள் எழுமுன் இவ்விரு நீர்களையுங் கடவாமல் எவரும் கரைவழியாக இந்நிலத்தினுட் புகுதலும் அரிது, இதனை விட்டு நீங்குதலும் அரிது. மீன்பிடித்தும் சேனை செய்தும் தேனெடுத்தும் வாழ்ந்த இப்பகுதி மக்கள், வைகாசி கழிந்து ஆனி பிறக்கும் நாட்களில் ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தை எதிர்பார்த்திருப்பர். காவியுடுத்து, தலையிலே சிறு மூட்டை தாங்கி, வேலொன்றை முன்னிட்டு, ‘அரோகரா’ என்னும் ஒலியோடு அக்கூட்டம் வெருகலைக் கடந்து வரும். அவர்கள் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர். ஒருவரை ஒருவர் ‘சாமி’ என்றே விளிப்பர்; ஊரவரும் அவர்களை அவ்வாறே விளித்து உணவும் உறைவிடமும் அளிப்பர்.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் இந்நெடுவழி, முல்லைத்தீவு, திருக்கோணமலை, மூதூர் ஆகியவற்றைக் கடந்து வெருகலை அடைகின்றது. அங்கிருந்து கதிரவெளி, வாகரை, மாங்கேணி, சித்தாண்டி, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாகவே இறங்கி, உகந்தைமலை முருகன் கோவிலை எய்துகின்றது. உகந்தைக்கு அப்பால் ஊரில்லை. குமணக் காட்டையும் கும்புக்கன் ஆற்றையும் யால வனத்தையுங் கடந்தே மாணிக்க கங்கைக் கரையை அடைதல் வேண்டும். முழுவழியும் 500 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நடப்பதற்கு ஏறக்குறைய 45 நாள் செல்லும். இதனைப் பக்தியின் வரலாறாகப் பலரும் எழுதியுள்ளனர். மனித உடல் நெடுந்தூரத்துக்குப் பழகிய வரலாறாகவும் இதனை நோக்க இடமுண்டு. அந்நோக்கு இதுகாறும் போதிய கவனம் பெறவில்லை.

இக்காலத்தில் 42.195 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டங்களை அல்ட்ரா மரதன் என்கின்றனர். மரதன் என்றவுடன் யாவரும் நினைப்பது, கி. மு. 490-இல் ஏதென்சுக்கு ஓடிவந்து வெற்றிச் செய்தியைச் சொல்லி உயிர்நீத்த வீரனையே. ஆனால் அப்போர் நடந்து சில தலைமுறைக்குள் எழுதிய எரோதோத்தசு அவ்வாறு கூறவில்லை. அவர் கூறுவது வேறு: பிடிப்பிடிசு என்னும் தூதன் உதவி வேண்டி ஏதென்சிலிருந்து சுபார்த்தாவுக்கு ஓடி மறுநாளே அதனை அடைந்தான் என்பதே. அத்தூரம் 240 கிலோமீற்றர் வரையிலாகும். ஓடிவந்து இறந்த கதை பன்னூறு ஆண்டுகளின் பின் வந்த புளூட்டாக்கு, இலூசியன் ஆகியோரின் எழுத்துக்களிலே காணப்படுவது. எரோதோத்தசு காட்டும் தூதனோ நாள்முழுதும் ஓடுதலையே தொழிலாகக் கொண்டவன். ஓடினான், செய்தி சொன்னான், இறக்கவில்லை. பழகிய காலுக்கும் பழகாத காலுக்கும் உள்ள வேறுபாடு இவ்விரு கதைகளிலேயே அடங்கியிருக்கிறது. உலகம் இறந்தவனின் கதையை விரும்பி ஏற்றுக்கொண்டது வியப்பன்று. பயிற்சியைப் பற்றிக் காவியம் பாட எவருக்கும் மனம் வருவதில்லை.

தென்னாபிரிக்காவிலே டேர்பனுக்கும் பீற்றர்மரித்சுபேர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரம் ஓடும் ‘கொம்ரேட்சு’ ஓட்டம் 1921-இல் தொடங்கியது. முதலாண்டில் ஓடப் புறப்பட்டோர் 34 பேர். முடித்தோர் 16 பேர். அடுத்த ஆண்டு வென்றவர் ஆதர் நியூற்றன் என்னும் விவசாயி. வயதோ நாற்பதை நெருங்கியிருந்தது. ஓட்டத்துக்கான பயிற்சியை அவர் தொடங்கியதும் அவ்வாண்டின் தொடக்கத்திலேதான். விரைவாக ஓடிப் பழகுதலே பயிற்சி என்று பிறர் எண்ணிய காலத்தில், அவர் முதலில் நடந்தார். பின் மெதுவாக ஓடினார். விரைவைக் கூட்டாமல் தூரத்தையே நாளுக்கு நாள் கூட்டினார். அவ்வோட்டத்தை அவர் ஐந்து முறை வென்றார். நியூற்றன் கண்ட இந்நெறியே இன்றைய நெடுந்தூரப் பயிற்சிக்கெல்லாம் அடிப்படை.

இனிக் கிழக்குக்கரைப் பாதையை நோக்கினால், அதே நெறி வழியின் அமைப்பிலேயே பொதிந்திருப்பதைக் காணலாம். தொடக்கத்தில் ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன; நீரும் நிழலும் உண்டு. நடை சிறிது, தங்கல் பெரிது. வடக்கை விட்டிறங்க இறங்க ஊர்களுக்கிடையே வெளி விரிகிறது. வெயிற்கு முன்னெழுந்து நடந்து, உச்சிப்பொழுதில் ஒதுங்கி, மாலையில் மீண்டும் நடப்பர். வெருகலிலும் சித்தாண்டியிலும் திருக்கோவிலிலும் சித்திரவேலாயுதர் சந்நிதிகளில் தங்கி இளைப்பாறுவர். பாதையின் கொடிய பகுதியாகிய உகந்தைக் காடு இறுதியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இவ்வாறு எவரும் திட்டமிட்டு அமைத்தாரல்லர். நிலத்தின் இயல்பு அப்படி. எனினும் அவ்வழியே நடந்தவர், தாம் அறியாமலே, நல்ல ஆசிரியனொருவனின் கீழ்ப் பயின்றவராயினர்.

உடலின் இயல்பை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும். நெஞ்சும் நுரையீரலும் புதிய உழைப்புக்கு விரைவிலே பழகிவிடும். தசைநாரும் எலும்பும் அவ்வாறல்ல. எலும்பு புதிய பாரத்தை ஏற்கும்போது முதலிற் சிறிது கரைந்து, பின்னரே உறுதியாகக் கட்டப்படுகின்றது; அவ்விடைக்காலத்தில் அது முன்னையினும் மெலிந்தது. 1855-இல் பிரசியப் படை மருத்துவர் பிரைட்கவுப்து என்பவர், நெடுந்தூரம் அணிநடை சென்ற படைவீரரின் பாதங்கள் வீங்கி வலித்தமையைக் குறித்து எழுதினார். காரணம் அப்போது புலப்படவில்லை. எக்சு கதிர் வந்தபின்னரே அவை பாதத்து எலும்புகளில் தோன்றிய மெல்லிய முறிவுகள் என்பது தெரிந்தது. மூச்சு வாங்காமையால் தன் உடல் ஆயத்தமென்று எண்ணுபவனே இம்முறிவுக்கு ஆளாகின்றான்.

வெயிலுக்குப் பழகுதலும் அவ்வாறே நாட்கணக்கில் நிகழ்வது. பத்து முதற் பதினான்கு நாள் வரை வெப்பத்தில் உழைத்தவனுக்கு வியர்வை விரைந்து சுரக்கும். வியர்வையோடு வெளியேறும் உப்போ குறையும். நீரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. தாகத்துக்கு மேலாக வெறும் நீரையே குடித்தால் குருதியில் உப்பின் செறிவு தாழ்ந்து உயிருக்கே இடர் நேரும் என்பதை, கொம்ரேட்சு ஓட்டக்காரரைக் கொண்டே தென்னாபிரிக்க மருத்துவர் 1980-களில் எடுத்துக்காட்டினர். வழிநெடுகக் கிராமத்தவர் வார்த்த உப்பிட்ட கஞ்சியும் மோரும் அறமாக வழங்கப்பட்டவை. அவை மருந்தாகவும் இருந்தன.

வாகரையின் இடத்தை இங்கே சிந்தித்தல் தகும். வாகரையிலிருந்து உகந்தை வரை ஏறக்குறைய 200 கிலோமீற்றர். நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீற்றர் நடந்தால் இரு கிழமை செல்லும். வடக்கிலிருந்து வருவோரோடு இங்கே சேர்ந்துகொள்ளும் ஒருவர், வெயிலுக்கு உடல் பழகுவதற்கு வேண்டிய நாட்களை முடித்துக்கொண்டே காட்டு வாயிலை அடைவார். வாகரைக்குத் தெற்கே சேருவோர்க்கு அந்த வாய்ப்பு வரவரக் குறையும். இப்பகுதியில் வாழும் கரையோர வேடர், தமிழ் பேசி, மீன்பிடித்து, காட்டையும் கடலையும் ஒருங்கே அறிந்தவர். 1911-இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் இம்மக்களையும் குறிப்பிடுகின்றது. வள்ளியை வேடர் மகளாகக் கொள்ளும் மரபில், கதிர்காமம் இவர்கட்குப் பிறர் ஊரன்று. நடை இவர்கட்குத் தனியே கற்கவேண்டிய கலையுமன்று.

இப்பாதை தளர்ந்தது எவ்வாறு? 1927-இல் திருக்கோணமலைக்கும் 1928-இல் மட்டக்களப்புக்கும் புகைவண்டி வந்தது. பின்னர் பேருந்துகள் வந்தன. கதிர்காமம் வரை மோட்டார் வீதியும் அமைந்தது. நடப்போர் குறைந்தாரேயன்றி மரபு அறவில்லை. அதனை அறுத்தது போர். 1983-க்குப் பின் நெடுவழி யாத்திரை தடைப்பட்டது. 1988-இல் அடியார் சிலர் அதனை மீண்டும் தொடங்கினர். அவருள் அமெரிக்கரான பற்றிக் ஹரிகனின் முயற்சி நன்கு அறியப்பட்டது. ஆயினும் போர்க்காலம் முழுதும் அது அஞ்சி அஞ்சி நடந்த நடையே.

வாகரை மக்கள் நடந்த மற்றொரு நடையையும் இங்கே சொல்லாது விடுதல் ஆகாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. அதிலிருந்து எழுமுன்னரே, 2006-இன் இறுதியில் போர் வாகரையைச் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் காட்டுவழியாகவும் களப்பு வழியாகவும் தெற்கு நோக்கி வெளியேறினர். முதியோரும் கைக்குழந்தையை ஏந்திய தாயரும் அதில் இருந்தனர். முன்னாயத்தமில்லை, தங்கலில்லை, கஞ்சி வார்ப்பாரில்லை. அவர்கள் கடந்த தூரம் யாத்திரிகர் கடப்பதிற் சிறு பகுதியே. அந்நடையை யாத்திரையோடு ஒப்பிடுதல் முறையன்று. எனினும் கால்கள் அறிந்தவை அவ்விரண்டையும்.

2009-இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்தே மீண்டும் நடக்கின்றனர். வெருகலில் ஓடத்துக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் முழுவழி நடப்போர் சிலரே. ஆண்டுதோறும் உகந்தையில் காட்டுப்பாதை திறக்கும்போது கூடும் பல்லாயிரவரில் மிகப் பெரும்பாலோர் வாகனங்களில் வந்திறங்குவோர். ஊர்தோறும் தங்கி நடந்து பழகவேண்டிய முற்பகுதியை விட்டு, வழியின் மிகக் கடினமான பகுதியை முதலிலேயே எடுத்துக்கொள்கின்றனர். அவர்தம் பக்தியில் குறைவில்லை. ஓய்வும் நேரமும் அற்ற வாழ்க்கை அவ்வாறு செய்விக்கின்றது. உகந்தை வாயிலில் வெருகலிலிருந்து நடந்து வந்தவரும் அன்று காலை பேருந்தில் இறங்கியவரும் ஒரே வரிசையில் நிற்பர். பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. கும்புக்கன் ஆற்றங்கரையில் இரவு தங்கி மறுநாள் எழும்போது, பாதங்களில் அது தெரியும்.